அம்மாவுக்கு வந்த வியாதி

வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே படம் வரைந்து கொடுக்கத் தொடங்கிய இரண்டு வருடத்தில் அந்த ஓவியன் நன்றாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: சாக்குச் சொல்வது. மின்சாரம் போனது, கணினி பழுதானது, கைவிரல் சுளுக்கியது. செவிலியர் பாடப்புத்தகத்துக்குக் கட்டுப்போடும் முறைகளை நாற்பது படங்களாக வரையும் வேலை வந்தபோது கைவசம் இருந்த சாக்கெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அதனால் அம்மாவைப் படுக்கவைத்தான்.

“அம்மாவுக்கு நுரையீரலில் சளி. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்” என்று பதிப்பாசிரியைக்கு எழுதினான். “வேலை கிடக்கட்டும், அம்மாவைப் பாருங்கள்” என்று அவர் பதறிப்போய்ப் பதில் போட்டார். அதைப் படித்துவிட்டு மதியம்வரை தூங்கினான். அடுத்த வாரம், அம்மா வீடு திரும்பியும் படுத்த படுக்கைதான் என்றான். முப்பது படம் முடிந்துவிட்டதாகவும் சேர்த்துச் சொன்னான். முடிந்திருந்தது ஒன்பது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அழைப்புமணி அடித்தது. அவன் இன்னும் பல்கூடத் தேய்க்கவில்லை. வாசலில் பதிப்பாசிரியை, கையில் சுருட்டிக் கட்டிய ரப்பர் மெத்தை.

“காத்து அடைக்கிற மெத்தைங்க. எங்கம்மாவோடது. படுத்தே இருந்தா முதுகு புண்ணாயிடும். அவங்க போனதுலேர்ந்து அலமாரி மேல சும்மாதான் கிடக்குது. அம்மா எப்படி இருக்காங்க?”

மொட்டைமாடியில் துணி உலர்த்திவிட்டு, காலி வாளியோடு அம்மா அப்போதுதான் படியிறங்கி வந்தாள். கேள்வி அவள் காதிலும் விழுந்தது. மெத்தையைப் பார்த்தாள், மகன் முகத்தைப் பார்த்தாள். வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்போ கொஞ்சம் தேவலைம்மா” என்றாள், குரலை இறக்கி.

பேருந்தில் நடத்துனர் மறந்துபோனால் தானே கூப்பிட்டு டிக்கெட் வாங்குகிறவள் அவள். அவள் நெஞ்சைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

“வேண்டாம்மா” என்றான் அவளிடம். பிறகு மெத்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அவங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. எப்பவுமே இல்ல. நான்தான் பொய் சொன்னேன். படமும் ஒம்பதுதான் முடிஞ்சிருக்கு.”

பதிப்பாசிரியை கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மெத்தையின் நாடாவை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினார்.

“எங்கம்மா படுத்திருந்தப்போ நான் ஒருநாள்கூட லீவு கேக்கல. மூணு வாரமா உங்களை நினைச்சுப் பரிதாபப்பட்டேன்” என்றார். அம்மாவிடம் திரும்பி, “நல்லா இருங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கதவைச் சாத்தியதும் அம்மா கேட்டாள்: “எனக்கு என்ன வியாதின்னு சொல்லியிருந்தே?”

“நுரையீரல்.”

“முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு இருமலாவது இருமியிருப்பேனே.”

சிரிக்கவேண்டிய பேச்சு. அவள் சிரிக்கவில்லை. அதன்பிறகு இரண்டு நாள், சாப்பாட்டை மேசையில் மூடிவைத்தாளே தவிர அவனைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

மெத்தை வந்த அன்று மாலையே மின்னஞ்சல் வந்தது. இருபது படங்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும், மீதிப் பதினொன்றை அவனே முடிக்கலாம் என்றும் பதிப்பாசிரியை எழுதியிருந்தார்.

மறுநாள் ஆறு மணிக்கு எழுந்து உட்கார்ந்தான். பதினோரு மணிக்கு, அதுவரை வரைந்ததைப் பென்சில் கோடுகளோடு அப்படியே அனுப்பினான். ஒரு வார்த்தை விளக்கமும் எழுதவில்லை. அடுத்த நாளும் அதே பதினோரு மணி. ஒருநாள் பாதிக் கைதான் வந்திருந்தது, அதையும் அனுப்பினான். பதிலே இல்லை. ஆறாம் நாள் ஒரு வரி வந்தது: “முழங்கைக் கட்டு தலைகீழாக இருக்கிறது.” ஏதோ பாராட்டு வந்ததுபோல் மனம் துள்ளியது. துள்ளியதற்காக உடனே வெட்கப்பட்டான்.

பதினொன்றையும் முடித்துக்கொடுத்தான். அடுத்த புத்தகத்தை அவர் இவனுக்குத் தரவில்லை. அது நியாயம்தான் என்று பட்டது.

சில மாதம் கழித்து, விதை விற்கும் நிறுவனம் ஒன்று பாக்கெட்டுகளுக்குப் படம் கேட்டது. பழையபடி மூன்று நாள் சோம்பலில் ஓடிப்போயிற்று. நான்காம் நாள், “இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை தருகிறேன்” என்று தட்டிவிட்டு, அனுப்பத் தைரியமில்லாமல் கால்மணி நேரம் வைத்துக்கொண்டிருந்தான். அனுப்பிய ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: “சரி.”

இவ்வளவு சுலபமா என்று நினைத்தபோது காதுமடலெல்லாம் சுட்டது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, முதல் பாக்கெட்டுக்குக் கத்தரிக்காய் வரையத் தொடங்கினான்.