நடராஜா மாஸ்டர் எழுதிய என் மனசு

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. எங்கள் ஊர் நடராஜா மாஸ்டரின் மூன்று நாவல்களிலும் நான் இருக்கிறேன். பெயரை மாற்றினாலும் கண்டி மஹய்யாவையில் எல்லாருக்கும் தெரியும்.* சொந்தப் பெண்சாதி சாவுக்குத் தானே தப்புப் பறை அடித்தவன் நான் ஒருத்தன்தான். சாவு வீட்டுக்காரன் தப்பைத் தொடக் கூடாது, வந்தவன்தான் அடிக்க வேண்டும். பரிமளத்தைத் தூக்கிய அன்று, வந்தவன் கையிலிருந்து பிடுங்கி மயானம் வரைக்கும் அடித்தேன்.

மூன்றாவது நாவலைப் படித்த என் மகள் நிரோஷினி, கட்டுகஸ்தோட்டையிலிருந்து வருவதை நிறுத்திவிட்டாள். அவள் திரும்பி வர வேண்டும். அதற்குத்தான் எழுதுகிறேன்.

(*'எல்லாம் கற்பனை' என்று முன்பக்கத்தில் போட்டுப் படித்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். என்னிடம் முன்பக்கம் இல்லை.)

2.

முதல் நாவலில் நான் ஒரு கல். தப்புத் தோலைக் காய்ச்சும் நெருப்பும் சாராய வாடையும்தான், வாயே இல்லை. இரண்டாவதில் மனசு கொடுத்தார். அது மலையைப் பார்த்து வாழ்க்கையை யோசிக்கிற மனசு. [நான் மலையைப் பார்ப்பது மழை வருமா என்று.] மூன்றாவதில் நானே பேசுகிறேன்: பெண்சாதி போனதும் அப்பாடா என்றிருந்தது, அதனால் அடித்தேன் என்கிறேன்.

நிரோஷினி போனில் அதையே கேட்டாள்.

"அம்மா செத்தப்ப ஒங்களுக்கு நிம்மதியா இருந்திச்சா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தச் சுணக்கத்தில் போனை வைத்துவிட்டாள்.

3.

சரியான காரணத்தை எழுதப் பார்த்தேன்.

பரிமளத்தின் மேல் வைத்த பாசத்தால் நான் —

பொய். வேண்டாம்.

வந்தவன் தாளம் பிசகினதால் —

இதுவும் முழுசு இல்லை. கை போனது, அடித்தேன். உள்ளே என்ன இருந்தது என்று எனக்கே தெரியாது. எனக்குத் தெரியாததை மாஸ்டர் எப்படி எழுதினார்?

4.

கேட்கப் போனேன். படுக்கையில் கிடந்தார். [இங்கே அவருடைய மூத்திர வாடையைப் பற்றி நாலு வரி எழுதி வெட்டினேன். முதல் நாவலில் அவர் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்துகொண்டிருந்தேன்.]

யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அது நீ இல்லப்பா. என் சம்சாரம் போனப்ப எனக்குத்தான் அப்படி இருந்திச்சு. என் பேர்ல எழுத தைரியம் வரல்ல. நீ தாங்குவேன்னு ஒன் மேல ஏத்திட்டேன்."

"என் மக தாங்கலையே, மாஸ்டர்."



5.

முடிவு. நிரோஷினி இதைப் படித்து பஸ் ஏறி வருகிறாள், வாசலில் நின்று "அப்பா" என்று —

நிறுத்திவிட்டேன். அவள் வாயில் நான் சொல் வைத்தால் எனக்கும் மாஸ்டருக்கும் என்ன வித்தியாசம்? வாசிக்கிற நீங்களும் அவளுக்காக முடித்துவைக்க வேண்டாம்.

மகளே, அந்த நிம்மதி அவருடையது. அடித்த கை என்னுடையது. ஏன் அடித்தது என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சுணங்கும். இந்தத் தடவை போனை வைக்காமல் இருப்பாயா என்பதை நான் எழுத முடியாது.