பம்ப் அடங்கிய பிறகு

கதவு தடதடவென்று அதிர்ந்தது. திறந்தால், இடுப்பில் கைவைத்தபடி கீழ்வீட்டு டீச்சர்.

"மேல என்ன மில்லா ஓட்டுறீங்க? நான் கம்ப்யூட்டர்ல பாடம் எடுக்கிறேன். 'டீச்சர், உங்க வீட்டுக்குள்ள ஹெலிகாப்டர் இறங்குது'ன்னு பிள்ளைங்க சிரிக்குதுங்க!"

மருமகள் வாதாடவில்லை. டீச்சரை உள்ளறைக்கே அழைத்துப் போய்க் காட்டினாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தார் மாமனார். முதுகில் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை. அதற்கு ஓயாமல் காற்றடிக்கும் பம்ப், கால்மாட்டுக் கம்பியில் கொக்கி போட்டுத் தொங்கியது. இரும்புக் கட்டில் மொத்தமும் அதோடு சேர்ந்து உறுமியது.

"வாங்க டீச்சர். பஸ் டிரைவரா இருந்தவன் நான். இந்த வண்டியப் பாருங்க, ராத்திரி பகலா ஓடுது, ஊர்தான் வர மாட்டேங்குது" என்றார்.

டீச்சருக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. "நிறுத்தச் சொல்லல. கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மருமகளுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. இன்னும் ஒரு வாரத்தில் ஆபீஸ் லீவு முடிகிறது. அதன்பிறகு இவரை யார் பார்த்துக்கொள்வது என்று புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் நின்று பேசாத நாளில்லை. அதற்கு நடுவில் இந்தப் பம்ப் பஞ்சாயத்து வேறு.

முதலில் ஒரு தடித்த துண்டை எடுத்துப் பம்பைச் சுற்றினாள். சற்று நேரத்தில் பிளாஸ்டிக் சூடேறும் வாடை வந்தது.

"ரேடியேட்டரப் போர்த்திக்கிட்டு மலை ஏறுற கதையா இருக்கே, அம்மாடி" என்றார் மாமனார்.

"சும்மா இருங்க மாமா" என்று துண்டை உருவினாள். பம்பைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கையில் பிடித்ததும் உறுமல் போய்விட்டது. மெல்லிய முனகல்தான் மிச்சம். இத்தனை நாள் கூச்சல் போட்டது பம்ப் இல்லை, கட்டில்! தரையில் வைத்துப் பார்த்தாள். தரை அதிர்ந்தது. அது நேரே டீச்சர் தலையில்தான் இறங்கும்.

பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டினாள். மர ஸ்டூலின் கால்களுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பம்பைத் தொட்டில் பிள்ளை போல அதில் கிடத்தினாள். ஸ்டூல் கால்களுக்கு அடியில் ஸ்பாஞ்சுத் துண்டுகள். சுவரில் உரசிக்கொண்டிருந்த காற்றுக் குழாயை விலக்கிவிட்டாள். மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். காற்று ஒழுங்காக ஏறி இறங்கியது. வீடு கப்சிப்.

"கெட்டிக்காரிதான்" என்றார் மாமனார்.

சாயங்காலம் புருஷன் வந்ததும் வராததுமாகச் சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அக்கா என்ன சொன்னாங்க?"

"மூணாவது மாடி, லிஃப்ட் இல்லன்னு இழுக்குறா."

"இழுப்பாங்க, ஏன் இழுக்க மாட்டாங்க? புரட்டிப் புரட்டிப் படுக்க வச்சு என் முதுகு இல்ல போகுது! யாருக்கும் வேணாம்னா ஏதாவது ஹோம்ல கொண்டுபோய் விட்டுடுங்க. இனிமே என்னால முடியாது."

தினமும் அதே இடத்தில் நின்று, அதே குரலில் பேசிய பேச்சுதான். சொல்லி முடித்த பிறகுதான், தொட்டியில் குழாய் சொட்டுவது அவளுக்குக் கேட்டது. அடுத்து, சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் தொண்டையைச் செருமியதும் கேட்டது.

கையிலிருந்த கரண்டியோடு உள்ளறை வாசலில் போய் நின்றாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஏதாவது வேணுமா, மாமா?"

"வேணாம்மா. அந்தப் பம்ப மட்டும் பழையபடி கட்டில்லயே மாட்டிடு. அது உறுமிக்கிட்டிருந்தா எனக்கு வேற எதுவும் காதுல விழாது."