ஒரு சாண் கறுப்பு

குழிக்குள் நான் நெஞ்சளவு இறங்கி நின்றேன். மேலே எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் எங்கள் காணிக் கந்தோரின் அதிகாரி இளையதம்பி ஐயா. போன கிழமை இங்கே துளைக்கம்பி இறக்கி, கறுப்பு மண்ணும் நத்தை ஓடும் வந்ததால் இது குளத்துநிலம் என்று எழுதியவர் அவர்தான். குளத்துநிலம் அரசுடையது, அதில் யாரும் குடியிருக்கக் கூடாது; அது உறுதியானால் பேச்சியம்மா வீட்டைப் பிரிக்க வேண்டும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து வந்து இந்த மேட்டில் குடியேறியவர் அவர்; இப்போது குழியோரம் கத்தரிச் செடிகளுக்கு நடுவே நின்றார்.

எனக்கு ஐயாவில் கோபம். ஒரு சாண் ஆழம் பார்த்துவிட்டு வீட்டைப் பிரிக்கச் சொல்வதா? மண் படித்தவள் என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது, அதை ஏன் மறைக்கவேணும்.

கீழே இருக்கும் குளத்துக்கு அணைக்கட்டு வருமுன்பே இங்கே இயற்கையாய் ஒரு ஏரி இருந்தது. அது வற்ற வற்றக் கரை மூன்று படிகளாய் மிஞ்சியது. கீழ்ப்படி இளசு, சாம்பல் களி. நடுப்படியில் மழை குறைந்த காலத்தின் சுண்ணாம்புக் கட்டிகள். பேச்சியம்மாவின் மேல்படி சிவப்பு. மழையும் வெயிலும் ஆயிரக்கணக்கான வருசம் மாறிமாறி வேலை செய்தால்தான் மண் இப்படிச் சிவக்கும்.

"ஐயா, கறுப்பு ஒரு சாண்தான். கீழ சிவப்பு. கோடு கீறினமாதிரிப் பிரிஞ்சு கிடக்குது. ஆரோ மேல கொண்டுவந்து போட்ட மண் இது."

"ஆர் போட்டது?"

"நான்தாங்க ஐயா," என்றார் பேச்சியம்மா. "கோடையில குளம் வத்துனா வண்டல அள்ளி, கூடையில சுமந்துக்கிட்டு வருவேன். அத போட்டாத்தான் இந்தச் செவப்புல கத்தரி காய்க்கும்."

"போன கிழமை ஏன் சொல்லேல்லை?"

"குளத்து மண்ண எடுத்தது குத்தம்னு பயந்துட்டேங்க."

ஐயா குனிந்து குழியின் அடியைக் காட்டினார். "அந்த உருண்டைக் கல்லுகள்? தண்ணி உருட்டினதுதானே பிள்ளை?"

"ஓம் ஐயா. தண்ணி நிண்டதுதான். அதுக்குப் பிறகுதான் இவ்வளவு மண்ணும் சிவந்தது. அந்தத் தண்ணியைச் சாட்டி இண்டைக்கு ஆரை எழுப்புறது?"

அவர் குனிந்தபடியே சிவப்பில் ஒரு துண்டைப் பிய்த்து விரலால் நசித்துப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்து, எழுதியிருந்ததை ஒரே கோட்டில் வெட்டிக் கையெழுத்து வைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பேச்சியம்மா சிரிக்கவில்லை. மெல்ல என் பக்கத்தில் இறங்கினார். கட்டைவிரலைச் சிவப்பு தொடங்குமிடத்தில் ஊன்றி, விரல்களை மேல்நோக்கி விரித்தார். சுண்டுவிரல் கத்தரி வேரைத் தொட்டது.

"இவ்வளவா சொமந்தேன்," என்றார். கையை எடுக்கவில்லை.