பிடியில் சேர்த்தது

துப்பாக்கி சுடும் சங்கத்தில் அவளுக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் எல்லோருடைய பிஸ்டலையும் பரிசோதிக்கிற வேலை அவளுடையது. விசையில் எடைக்கல்லை மாட்டி மெல்லத் தூக்குவாள். ஐந்நூறு கிராம் கல் மேசையை விட்டு எழும்பும்வரை விசை விழக்கூடாது. விழுந்தால், அது தலைவரின் பிஸ்டலாகவே இருந்தாலும், “போய்ச் சரி பண்ணிட்டு வாங்க” என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

வார நாட்களில் அவள் பல்செட் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, யாரோ ஒருவரின் வாய்க்குப் பொருந்தும்படி ஈறும் பல்லும் உருவாக்குவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சகத்துக்குப் பின்னால் இருந்த அந்த நீளமான கூடத்துக்கு வந்து, பத்து மீட்டர் தொலைவில் தொங்கும் அட்டையைக் காற்றுத் துப்பாக்கியால் சுடுவாள். பதினோரு வருடமாக இப்படித்தான்.

அந்த ஞாயிறு சுடுவதற்கு முன் கூட்டம் இருந்தது. பேசுவதற்கு ஒரே ஒரு விஷயம்: பஸ் டிரைவர் எழுதியிருந்த கடிதம்.

டிரைவர் ஐம்பதைத் தாண்டியவர். எப்போதோ பஸ்ஸின் கதவு இடுக்கில் மாட்டி வலது மோதிர விரலில் பாதி போய்விட்டது. பிஸ்டலைப் பிடித்தால் அந்த இடத்தில் வெற்றிடம். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பிடி உள்ளங்கையில் கொஞ்சம் திரும்பும். அவர் கேட்டது இவ்வளவுதான். சாதாப் பிரிவில், கையின் அமைப்புக்கு ஏற்றபடி கைப்பிடியில் கொஞ்சம் நிரப்பிக்கொள்ள அனுமதிக்க வேண்டும்.

செயலாளர் கடிதத்தைப் படித்து முடித்தாள். செயலாளர் வேறு யாருமில்லை, ஸ்கேலின் தங்கைதான். பிறகு விதியையும் படித்தாள். “ஏழாவது விதி. சாதாப் பிரிவில் பிஸ்டல் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். கைப்பிடி உடைந்தால் பழுது பார்க்கலாம். அதில் எதையும் சேர்க்கவோ செதுக்கவோ கூடாது.”

படிக்கும்போது தங்கை நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. அதுவே பார்த்தது போல இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஸ்கேலின் பிஸ்டல் கீழே விழுந்து பிடியின் ஓரம் ஒரு சில்லு பெயர்ந்தது. பழுது பார்க்கலாம் என்று விதியே சொல்கிறது. வேலை செய்யும் இடத்துக்கு எடுத்துப்போய், பல்செட்டுக்கான அக்ரிலிக்கைக் குழைத்துச் சில்லை அடைத்தாள். குழைத்ததில் கொஞ்சம் மீந்தது. உள்ளங்கைக் குழி படும் இடத்தில் அதைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே ஒருமுறை கையை அழுத்தினாள். காய்ந்தபின் ராவி, மரத்தில் இருப்பது போலவே பொடிப்பொடிக் குழிகள் குத்தி, மேலே சாயம் பூசினாள். யாரை ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே அப்போது இல்லை. பழுது பார்க்கிறோம் என்றுதான் இருந்தது. அடுத்த வாரம் சுட்டபோது பிடி கையோடு கையாக உட்கார்ந்தது. அந்தச் சுகம் எதனால் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதன்பிறகு அதைப் பழுது என்று சொல்லிக்கொள்ள தினமும் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது.

போன ஆண்டுப் போட்டியில் அவள் முன்னூற்று அறுபத்தொன்று. டிரைவர் முன்னூற்று ஐம்பத்தொன்பது.

“சரி, பேசலாம்,” என்றார் தலைவர். ஓய்வுபெற்ற நில அளவையாளர். எதையும் எல்லைக்கல் போட்டுத்தான் பேசுவார். “விதியை மாத்தறதா வேண்டாமா. அதை மட்டும் பேசணும். விரல் எப்படிப் போச்சுங்கற கதை வேண்டாம்.”

“கதை கேட்டா பஸ் ஒரு மணி நேரம் லேட்டாகும்,” என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார்.

“நான் ஒண்ணும் பெரிசாக் கேக்கல,” என்றார் டிரைவர். “கண்ணாடி போட்டுச் சுடறாங்கல்ல, அது கண்ணுக்குச் சேர்த்ததுதானே. அதுமாதிரி இது கைக்கு.”

“கண்ணாடி மூஞ்சில இருக்கு. பிஸ்டல்ல இல்ல,” என்றார் ஒருவர்.

“அப்ப பல்செட்டு கட்டிட்டு வந்தா?” என்றார் மருந்துக்கடைக்காரர். “அத ஸ்கேல்கிட்டதான் கேக்கணும். ஸ்கேல் என்ன சொல்லுது?”

பதினாலு தலைகள் அவள் பக்கம் திரும்பின. தலைவலி என்று எழுந்து போயிருக்கலாம். எனக்கு இதில் கருத்தில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வருடக்கணக்காக வாய்க்குப் பழகிய பேச்சு அது, அவளைக் கேட்காமலே வந்துவிட்டது.

“சாதாப் பிரிவுன்னு ஏன் வெச்சோம்?” என்றாள். “யார்கிட்ட நல்ல தச்சர் இருக்கார், யாருக்குக் கைவேலை தெரியும்னு பாக்கவா? எல்லாருக்கும் ஒரே பொருள். மீதி அவங்கவங்க கை. இன்னைக்கு விரல் இல்லாதவருக்கு ஒரு விரல் அளவு நிரப்பலாம்னு விட்டா, நாளைக்கு மணிக்கட்டு வலிக்குதுன்னு ஒருத்தர் வருவாங்க. பழுதுங்கறது இருந்ததைத் திருப்பிக் கொண்டுவர்றது. இல்லாததைக் கொண்டுவந்தா அதுக்குப் பேர் வேற.”

நன்றாகப் பேசியிருக்கிறாள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. டிரைவர் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார், தனக்கு எதிரான கணக்கு சரியாக வந்துவிட்டதைப் பார்க்கிற மாணவன் போல. அவளுக்குக் காது மடல்கள் சூடாகின.

கை தூக்கச் சொன்னார் தலைவர். மாற்ற வேண்டும் என்று ஏழு கைகள். மாற்ற வேண்டாம் என்று ஏழு. அவள் கை இன்னும் மடியில் இருந்தது.

“என்ன, ஸ்கேல் உடைஞ்சு போச்சா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவள் வலது கையைத் தூக்கினாள். மாற்ற வேண்டாம். தங்கை பேரேட்டில் எட்டு என்று எழுதுவது அவள் இருந்த இடத்திலேயே கேட்டது.

கூட்டம் கலைந்து, சிலர் அட்டைகளை மாட்டப் போனார்கள். அவள் பரிசோதனை மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். டிரைவர் தன் பிஸ்டலைப் பெட்டியோடு கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

“கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா. கூட்டத்துல காட்டலாம்னு போன வாரம் ஒரு தோல் துண்டு ஒட்டியிருந்தேன். இப்பதான் பிச்சு எடுத்தேன். பசை ஏதாவது தங்கியிருந்தா அதுவும் சேர்த்ததுன்னு ஆயிடும்ல.”

குத்தலாகச் சொல்கிறாரோ என்று அவள் முகத்தைப் பார்த்தாள். இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அவரே பிடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

விரல் நுனியால் தடவினாள். வெறும் மரம். மோதிர விரல் நிற்க வேண்டிய இடத்தில், வருடக்கணக்கில் எதுவும் படாததால், சாயம் புதிதாகவே இருந்தது.

“சுத்தமா இருக்கு,” என்றாள்.

“நீங்க பேசினது நியாயம்தான்,” என்றார் அவர். “வீட்ல எழுதும்போது எனக்கு அது தோணல.” பிஸ்டலை எடுத்துக்கொண்டு மூன்றாம் தடத்துக்குப் போனார்.

தங்கை பேரேட்டை அணைத்தபடி வந்து பக்கத்தில் நின்றாள்.

“என்னக்கா மூஞ்சி இப்படி இருக்கு?”

“சொல்லிடப் போறேன்.”

“எதை?” கேட்டுவிட்டு அவளே குரலைத் தாழ்த்தினாள். “சும்மா இருக்கா. அது ரிப்பேர்தானே. சில்லு போனதை நான்தான் என் கண்ணால பாத்தேனே.”

“சில்லு ஓரத்துல போச்சு. நான் தடவினது நடுவுல.”

“யாருக்குத் தெரியும்?”

“அதான்டி.”

தங்கை பேரேட்டை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். “கூட்டம் முடிஞ்சிருச்சு. இனிமே சொன்னா பேரேட்டுல எழுத இடமில்ல,” என்றாள். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் நகர்ந்தாள்.

ஸ்கேல் ஒரு பரிசோதனை அட்டையை எடுத்தாள். பிஸ்டலின் எண், உரிமையாளர், விசை எடை, நீள அகலம், கைப்பிடி. ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே சரி அல்லது தவறு. ஆயிரம் அட்டையாவது எழுதியிருப்பாள். தன்னுடையதற்கு எப்போதும் பிஸ்டலைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே எழுதிவிடுவது வழக்கம். இப்போது எடுத்து வைத்து, எடையைத் தொங்கவிட்டு, முறைப்படி எழுதினாள். கைப்பிடி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா ஒருமுறை நின்றது. ‘தவறு. உள்ளங்கையில் சேர்க்கப்பட்டுள்ளது. மூன்று வருடமாக.’ கையெழுத்திட்டு, முடிவுகள் ஒட்டும் பலகையில், தன் முன்னூற்று அறுபத்தொன்றுக்குப் பக்கத்தில் குத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

முதலில் பார்த்தது மருந்துக்கடைக்காரர். கேலி செய்ய வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டு தலைவரைக் கூப்பிட்டார். ஒருவர் பின் ஒருவராகச் சுடுவதை நிறுத்தினார்கள். கூடத்தில் ‘டப், டப்’ என்ற ஓசை குறைந்துகொண்டே வந்து, மூன்றாம் தடத்தில் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

தலைவர் பிடியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கம்மா? எனக்கு ஒண்ணும் தெரியலியே.” மருந்துக்கடைக்காரர் நகத்தால் சுரண்டினார். இன்னொருவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். மரம் எங்கே முடிகிறது, அவளுடைய வேலை எங்கே தொடங்குகிறது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

“இவ்வளவு சுத்தமா யாராலயும் செய்ய முடியாது,” என்றார் தலைவர், தன்னை மறந்து.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புகூட இல்லை, உதட்டோரம் ஒரு சின்ன அசைவு. வேலையைப் பாராட்டினால் இருபது வருடமாக வருகிற அசைவு. உடனே அடக்கினாள். ஆனால் தலைவரின் தோளுக்குப் பின்னால் நின்ற டிரைவர் அதைப் பார்த்துவிட்டார். அவ்வளவு நேரம் அவமானம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது எதுவும் அவமானமே இல்லை என்பது போல, இப்போது உள்ளங்கால்வரை குறுகிப்போனாள்.

“இதுல என்ன இருக்கு,” என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லோருக்கும் மூச்சு முட்டுவது அவருக்குப் பொறுக்காது. “இப்பவே திரும்ப ஓட்டெடுப்போம். எட்டு ஏழு, ஏழு எட்டாயிடும். அவருக்கும் விரல் அளவு கிடைக்கும், இவங்களுதும் சரியாப் போயிடும். எல்லாரும் நிம்மதியா சுடலாம்.”

அது நடந்துவிடக்கூடாதா என்று அவள் மனம் ஒரு நொடி தாவியது.

“வேண்டாங்க,” என்றார் டிரைவர். குரலை உயர்த்தாமல் சொன்னார். “அவங்க பேசினதைக் கேட்டு எனக்கே மனசு மாறிடுச்சு. பேசினவங்க யாருன்னு பாத்து அதைத் திருப்பி மாத்த முடியாது. எனக்காக மாத்தச் சொல்லி எழுதினேன், சரி. இவங்களுக்காக மாத்தறதுக்கு நான் கை தூக்க மாட்டேன்.”

அவர் அவள் பக்கம் திரும்பினார். ‘அம்மா’ என்றும் சொல்லவில்லை, ‘மேடம்’ என்றும் சொல்லவில்லை.

“எவ்வளவு?”

“என்னது?”

“எவ்வளவு சேர்த்திருக்கு?”

“ஒரு மில்லிமீட்டர்,” என்றாள். “ஒன்றரை இருக்கலாம். நகத்தளவு.”

“அட்டையில அளவு எழுதலியே.”

அது உண்மைதான். இன்னொருவர் பிஸ்டலாக இருந்தால் அளவு எழுதாமல் அந்த அட்டையில் அவள் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாள்.

மேசை இழுப்பறையில் அரம் இருந்தது. எடுத்தாள். பிடியைத் துணியில் சுற்றி மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு, நடுக்குழியில் ராவ ஆரம்பித்தாள். முதலில் பழுப்புச் சாயம் தூளாக உதிர்ந்தது. அடுத்த இழுப்பில் உள்ளே இருந்தது வெளியே வந்தது, நல்ல இளஞ்சிவப்பு நிறத்தில். பழுப்பு மரத்தின் நடுவே யாரோ வாயைத் திறந்தது போல இருந்தது.

“ஈறு,” என்று யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ராவினாள். இளஞ்சிவப்பு வட்டம் அகலமாகிக்கொண்டே போய் உள்ளங்கை வடிவத்துக்கு வந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தார் தலைவர். “ஒன்றரை இறங்கியாச்சு,” என்றார்.

மரம் வரவில்லை. இன்னும் ராவினாள். முதல் வருடம் தடவியது ஒரு முறைதான் என்று அவள் நினைவில் இருந்தது. மழைக்காலத்தில் கை சற்று வீங்குகிறது என்று ஒருமுறை. பிறகு ஒரு போட்டிக்கு முன் மேற்பரப்பு வழுக்குகிறது என்று ஒருமுறை. ஒவ்வொன்றையும் அவள் பழுது என்றே கணக்கில் விட்டிருந்தாள். அடுக்கடுக்காக அவையெல்லாம் இப்போது தூளாகி அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தன.

“ரெண்டு,” என்றார் தலைவர். பிறகு, “ரெண்டரை.”

“போதும்க்கா,” என்றாள் தங்கை.

“இன்னும் இருக்கு,” என்றார் டிரைவர்.

அவள் நிமிரவில்லை. அரத்தை மேசையில் ஒரு தட்டு தட்டி, பற்களில் அடைத்திருந்த இளஞ்சிவப்புத் தூளை உதறிவிட்டு, மறுபடி வைத்து இழுத்தாள்.