தடுப்புக்கு அந்தப் பக்கம்

எங்கள் தொழிற்சாலையின் நடுவே ஒரு தடுப்பு இருந்தது. செங்கல் சுவர் இல்லை. தரையிலிருந்து கூரைவரை சாம்பல் நிறப் பலகைகளைத் திருகாணி போட்டு நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள் ஒரு கம்பெனியின் செல்போன் திரைகளைச் சோதித்து அனுப்பினோம். அந்தப் பக்கம் அதே வேலையை அதன் போட்டிக் கம்பெனிக்குச் செய்தார்கள். இரண்டு கம்பெனிக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது. ஆனால் எங்கள் முதலாளி அளவுக்குக் குறைந்த விலையில் திரை சோதிக்க வேறு ஆள் அகப்படவில்லையே, என்ன செய்வது? ஒரே கூரையின் கீழே இரண்டு வாசல், இரண்டு சாப்பாட்டு நேரம், இரண்டு பேருந்து என்று வைத்தார்கள். எங்களுக்கு வெள்ளைக் கோட்டு, அவர்களுக்கு நீலக் கோட்டு.

நான் வெள்ளைப் பக்கத்து சூப்பர்வைசர். என் வீட்டுக்காரர் நீலப் பக்கத்து சூப்பர்வைசர்.

சிரிக்க வேண்டாம், ஆறு வருஷம் இப்படித்தான் குடும்பம் நடத்தினோம். வேலையில் சேரும்போதே இருவரிடமும் ஒரு கத்தைக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். உள்ளே பார்த்ததை வெளியே பேசக்கூடாது, கட்டிய மனைவியிடமும் மூச்சு விடக்கூடாது. நாங்களும் கட்டுப்பட்டோம். "இன்னிக்கு வேலை எப்படி?" என்று நான் கேட்பேன். "இருந்துச்சு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள், "ஒரே வீட்டுல ரெண்டு நாட்டு உளவாளி. நான் எந்தக் கட்சியில சேர்றதுன்னு தெரியல" என்று கிண்டல் செய்வாள்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை நானே சொல்லிவிடுகிறேன். கண்ணாடியில் முடியளவு கீறல் இருந்தாலும் என் கண் பிடித்துவிடும். பிடித்த பிறகு வாய் சும்மா இருக்காது. வேலையிடத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அந்தப் பூதக்கண்ணாடிதான் தன் பக்கத்துப் பெண்களிடம் ஆறு வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்தது: "அந்தப் பக்கம் ஒரு திரை வெளிய போகணும்னா எங்க வீட்டுக்காரர் கண்ணைத் தாண்டித்தான் போகணும்."

ஒரு புதன்கிழமை காலை, மகள் பல் துலக்கிக்கொண்டே வந்து தன் செல்போனை எங்கள் முன்னால் நீட்டினாள். இரண்டு கம்பெனித் தலைவர்களும் பல்லெல்லாம் தெரியக் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். போனின் மூலை வளைவு யாருடைய யோசனை என்று நாலு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர்கள் இவர்கள். ஒருவர் போனை இன்னொருவர் விளம்பரத்தில் செங்கல் என்று கேலி செய்தவர்கள். இவர்கள் அடித்துக்கொண்ட நேரத்தில் மூன்றாவதாக ஒரு கம்பெனி வந்து பாதிச் சந்தையை அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இவ்வளவு படித்தவர்களுக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது. இனி அவர்களுடைய கேமரா, எங்களுடைய மென்பொருள், இருவருக்கும் பொதுவாக ஒரே திரை.

"அப்போ நம்ம வீட்டுலயும் சமாதானமா?" என்றாள் மகள்.

"நாங்க எப்போடி சண்டை போட்டோம்? போய் வாயைக் கொப்பளி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. டீ டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். "தடுப்பை எடுத்துருவாங்களோ?" என்றார்.

"எடுக்காம? ஒரே திரைன்னா ஒரே லைன்தானே."

"எப்போ எடுப்பாங்க?"

"என்னைக் கேட்டா? உங்க பக்கத்துலயும் சொல்லத்தானே போறாங்க."

அவர் எழுந்து போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டார்.

மறுநாள் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள் அவர் ஒருவர்தான். "திங்கக்கிழமை தடுப்பைப் பிரிக்கிறோம் மேடம். ரெண்டு லைனும் ஒண்ணாகுது. ஒரு சூப்பர்வைசர் போதும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. நீங்கதான்" என்றார்.

"அப்போ அந்தப் பக்கத்து சூப்பர்வைசர்?"

"அந்தத் தம்பியா? வேற கிளைக்கு மாத்தியாச்சு. சின்ன வயசு, கல்யாணம்கூட ஆகல. எங்க போட்டாலும் பொழைச்சுக்குவான்."

என் வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், அதற்குச் சாட்சி நானே இருக்கிறேன்.

மேலாளர் நீலப் பக்கத்து ஆட்களின் பட்டியலைக் கொடுத்தார். வாங்கி மேலிருந்து தேடினேன். மேற்பார்வை வரிசையில் அவர் இல்லை. சோதனை மேசைகளில் இல்லை. கடைசிப் பக்கத்தில், திரைகளைப் பெட்டியில் அடுக்கி நாடா ஒட்டும் பேக்கிங் பிரிவில், டோக்கன் எண் முந்நூற்றுப் பதினெட்டு என்று இருந்தார். பக்கத்தில் சின்ன எழுத்தில், கண் பரிசோதனையில் தேறவில்லை, இடமாற்றம் என்று போட்டிருந்தது. தேதியைப் பார்த்தேன். இரண்டரை வருஷம் ஆகியிருந்தது.

"உங்களுக்குத் தெரிஞ்சதுதானே மேடம்" என்றார் மேலாளர், என் முகத்தைப் பார்த்துச் சந்தேகத்தோடு.

"தெரியுமே" என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்றைக்குப் பேருந்தில் எனக்கு நிலைகொள்ளவில்லை. பேக்கிங் வேலை என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை, அதுவும் வேலைதான். ஐம்பது வயதில் கண் மங்குவதும் உலகத்தில் நடக்காததில்லை, ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டால் தீர்ந்தது. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சம்பளம் குறைந்தது எனக்குத் தெரியாமலிருக்க, சனிக்கிழமையெல்லாம் ஓவர்டைம் என்று போயிருக்கிறார். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிப் பைக்கை விற்றுவிட்டுப் பேருந்தில் ஏறியிருக்கிறார். நானும் நம்பினேன். அவர் கழுவி வைக்கும் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கண்ணை எங்க கழட்டி வச்சீங்க?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். பேசாமல் வாங்கி மறுபடியும் கழுவுவார். அதை நினைத்ததும் அழுகை வந்தது. அழுகை வந்ததாலேயே கோபம் இன்னும் ஏறியது.

இறங்கும் முன் ஒரு முடிவுக்கு வந்தேன். திங்கட்கிழமைக்குள் இதை அவர் தன் வாயால் எனக்குச் சொல்ல வேண்டும். நான் கேட்க மாட்டேன். இரண்டு பக்கத்து ஆட்களும் கூடி நிற்கும்போது நானாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டாரானால், அதற்குப் பிறகு இந்த மனிதர் சொல்லும் எதை நம்பி நான் குடும்பம் நடத்துவது?

வெள்ளிக்கிழமை மாலை மெதுவாக ஆரம்பித்தேன். "ரெண்டு லைனும் ஒண்ணானா யாரு சூப்பர்வைசராம்? உங்க பக்கத்துல ஏதாவது பேச்சு உண்டா?"

"நீயாத்தான் இருக்கும்" என்றார்.

"அப்போ நீங்க?"

"எனக்கென்ன, எங்கயாவது போடுவாங்க."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வேறு வழியில் போனேன். "நமக்கும் வயசாகுது. ரெண்டு பேரும் ஒருநாள் கண் டாக்டரைப் பாத்துட்டு வருவோமா?" என்றேன், எவ்வளவு தேனொழுகச் சொல்ல முடியுமோ அவ்வளவும் சேர்த்து.

"உன் கண்ணுக்கு டாக்டரா? அவருக்கே நீ குறை கண்டுபிடிச்சுட்டு வருவ" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு பாத்திரமும் உடையவில்லை என்பது ஆச்சரியம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இருவரும் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தோம். மகள் வெளியே போயிருந்தாள். அவர் ஒரே சட்டையை இரண்டு தடவை மடித்தார். பிறகு, "இந்தா, நாளைக்குத் தடுப்பை எடுக்கும்போது நீ எந்த இடத்துல நிப்ப?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் நிற்கும் இடம் தெரிந்தால் என் கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்கலாம் என்று கணக்குப் போடுகிறார் என்று எண்ணினேன். "தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க?" என்றேன்.

"சும்மாதான் கேட்டேன்."

"என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

அவர் வாயைத் திறந்தார். சட்டையின் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தார். "நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். பேசுகிறவர் இரண்டரை வருஷமாகப் பேசாமல் இருப்பாரா? துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அன்று முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை முதல் தடவையாக ஒரே பேருந்தில் போனோம். அப்போதும் சொல்லவில்லை. வாசலில் எல்லோருக்கும் ஒரே மாதிரி புதுக் கோட்டு கொடுத்தார்கள், பச்சை நிறம். அவர் அந்தப் பக்கம் போனார், நான் இந்தப் பக்கம் வந்தேன். வழி முழுக்க எனக்குள் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இணைந்த லைனின் சூப்பர்வைசர் நான், யார் எந்த இடம் என்று பட்டியலை வாசிக்கப் போகிறவளும் நான்தான். முந்நூற்றுப் பதினெட்டு வரும்போது பேக்கிங் என்ற வார்த்தையை நன்றாக அழுத்தி வாசிப்பது, அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பது. என் குணம் எனக்குத் தெரியும், நான் நல்லவள் என்று எங்கும் சொல்லவில்லை.

இயந்திரங்களுக்கெல்லாம் உறை போட்டு மூடியிருந்தார்கள். வேலை நடக்காததால் முகமூடியும் தலைமூடியும் வேண்டாம் என்றார்கள். நாலு ஆட்கள் திருகாணிகளைக் கழற்றிப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போனார்கள். ஆறு வருஷம் எங்களைப் பிரித்து வைத்தது அரை மணி நேரத்தில் தள்ளுவண்டியில் போய்விட்டது. அந்தப் பக்கமும் எங்களுடையதைப் போலவே இருந்தது. அதே மேசைகள், அதே விளக்குகள். இவர்கள் எதை எதனிடமிருந்து ஒளித்தார்கள் என்று எங்கள் பெண்கள் முணுமுணுத்தார்கள்.

மேலாளர் என் கையில் மைக்கைக் கொடுத்தார். வாசிக்க ஆரம்பித்தேன். எண்ணைச் சொன்னதும் அந்தந்த ஆட்கள் என்னைப் பார்த்துக் கை தூக்கி, "இருக்கேன்" என்றார்கள். சோதனை மேசைகள் முடிந்தன. பேக்கிங் வந்தது. அவர் கடைசி வரிசையில், ஒரு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கூடத்தின் நடுவில், மேடை மாதிரி ஒரு பெட்டியின்மேல் நின்றேன். என்னைப் பார்க்காமலிருக்கவே முடியாது.

"முந்நூற்றுப் பதினெட்டு. பேக்கிங்" என்று அழுத்தி வாசித்தேன்.

"இருக்கேன்" என்றார் அவர். கையும் தூக்கினார். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு இடப்புறம் தூணில் ஒரு ஒலிபெருக்கி மாட்டியிருந்தது. என் குரல் அதிலிருந்து வந்தது. அவர் அதைப் பார்த்துத் தலையசைத்தார்.

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பக்கத்தில் நின்றவர் அவர் முழங்கையைத் தொட்டு என் பக்கம் காட்டினார். அவர் திரும்பினார். அவர் கண் எங்கள் வரிசையின் ஓரத்திலிருந்து தொடங்கி மெல்ல நகர்ந்து வந்தது, என் முகத்துக்கு வந்தது, நிற்காமல் என்னைத் தாண்டிப் போனது. நான் கையைத் தூக்கி ஆட்டினேன். மறுபடியும் வந்தது, மறுபடியும் தாண்டிப் போனது. அவர் வெட்கத்தில் ஒதுங்கவில்லை. என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேனே. எங்கள் வீட்டில் எந்தப் பொருள் எங்கே என்று அவருக்கு அத்துப்படி, இரண்டு அறைக்குள் நானும் மகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்போம், நானோ ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பேன். அவர் என்னைப் பார்க்கிறார் என்றே நான் இருந்திருக்கிறேன்.

மைக்கை மேலாளர் கையில் திணித்துவிட்டு இறங்கினேன். தரையில் தடுப்பு நின்ற இடத்தில் திருகாணித் துளைகள் வரிசையாக இருந்தன, அதைத் தாண்டிப் போனேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்கட்டும். அவருக்கு நாலடி தள்ளி நின்றேன்.

"என்னங்க" என்றேன்.

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "நீயா? எங்க நிக்கிற?"

"இங்கதான் நிக்கிறேன். தெரியலையா?"

"டாக்டரைப் பாத்துட்டேன்மா. ரெண்டு வருஷமாப் பாத்துட்டுத்தான் இருக்கேன். இருக்கிறதைக் காப்பாத்தலாம், போனது வராதுன்னுட்டார்." மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார். "கம்பெனி ரகசியம், வீட்டுல சொல்லக்கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இன்னிக்குத் தடுப்பும் போயிடுச்சு. உன்கிட்ட வந்து சொல்லணும்னு அப்போலேர்ந்து தேடுறேன், ஆளைத்தான் கண்டுபிடிக்க முடியல."

நான் இன்னும் இரண்டு அடி வைத்தேன். "இப்போ?"

"கோட்டு தெரியுது. இன்னும் கொஞ்சம் கிட்ட வா."

போனேன். அவர் மூச்சு என் நெற்றியில் பட்டது. அவர் தலையைச் சாய்த்து, நான் திரையில் கீறல் தேடுவதுபோல, என் முகத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நிதானமாகப் பார்த்தார்.

"ஆங், இப்போ தெரியுது" என்றார். "ஏன் அழுகிற?"