கென்னடியின் பூசை

பிரசங்கம் தொடங்கிய சற்று நேரத்திலேயே பாதர் சவப்பெட்டிக்குள் கிடந்தவனை விட்டுவிட்டு, பேச்சில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியிடம் போய்விட்டார். தேவாலயத்தின் முன்வாங்கில் இருந்த றோசமலர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ஐந்து வருடமாக அடுத்தவர் சமையலறைகளில் பொறுக்கிய இத்தாலியன் பாஷை அவளுக்கு இதற்குப் போதும்.

கென்னடி என்ற பெயரைத் தவிர, பெட்டிக்குள் கிடந்த அவள் புருசனைப் பற்றிப் பாதருக்கு ஒன்றும் தெரியாது. கத்தோலிக்க ஜனாதிபதி ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று மன்னாரில் வானொலி கேட்டு அழுதவர் அவளுடைய மாமனார். அடுத்த வருடம் பிறந்த மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். அதற்கு இத்தாலியில், இந்தப் பலேர்மோவில் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்: பொலிதேயாமாப் பக்கத்தில் அவன் வேலைசெய்த வீட்டு எசமானி, சினோரா, "ஜனாதிபதி, குப்பையைக் கொண்டுபோ" என்று கூப்பிட்டுச் சிரிப்பாள்.

அந்தச் சினோராதான் இப்போது கறுப்புப் பட்டுப் பாவாடையோடு மறுபக்க வாங்கில் இருந்து கண்ணைத் துடைத்தாள். மூன்றாம் மாடி யன்னலை வெளிப்பக்கம் கழுவச் சொல்லி ஏற்றிவிட்டவள் அவள். அவன் விழுந்து செத்தபின், வேலைக்கு வரவில்லை, சும்மா கோப்பி குடிக்க வந்தவன் என்று பொலிசிடம் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். பொலிசும் அந்தச் சோற்றைத் தின்றுவிட்டுப் போனது.

"அவர் மூன்று வருடம்கூட முழுதாக ஆளவில்லை," என்றார் பாதர். "ஆனால் கொன்றது யார், பின்னால் நின்றது யார் என்று உலகம் இன்றைக்கும் கேட்கிறது."



பூசை முடிந்ததும் குடும்பத்தில் ஒருவர் எழுந்து வந்தவர்களுக்கு நன்றி சொல்வது வழக்கம். கென்னடியின் தமையன் இராயப்பு எழும்பினார். அவள் மறித்தாள்.

"அத்தான், நான் சொல்லுறன்."

"பொம்பிளையள் சொல்லுறேல்லைப் பிள்ளை. இரு."

"என்ன நடந்ததெண்டு நீங்கள் சொல்லுவியளோ?"

இராயப்பு குரலைத் தாழ்த்தினார். "என்ரை மனுசி சினோராவின்ரை தங்கச்சி வீட்டிலைதானே வேலை. இஞ்சை இருக்கிறதுக்கு எங்கடை பெர்மெசோ புதுப்பிக்க அவையள்தான் கையெழுத்து வைக்கோணும். செத்தவன் திரும்பி வரப்போறானோ?"

"வரமாட்டார். அதாலைதான் நான் போறன்."

ஒலிவாங்கியின் முன்னால் நின்று, தெரிந்த இத்தாலியனில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"என் புருசனை யாரும் காரில் வைத்துச் சுடவில்லை. சினோராவின் யன்னலிலிருந்து விழுந்தார். போன மாதமே இடுப்பில் கட்டக் கயிறு கேட்டார், கொடுக்கவில்லை. விழுந்தபோது கையில் ஈரத்துணி இருந்தது. கோப்பி குடிக்க வந்தவருக்கு ஈரத்துணி எதற்கு? அந்தப் பெரிய மனிதரைக் கொன்றது யார் என்று முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்கிறீர்கள். இவரைப் பற்றி ஒருவராவது ஒருநாள் கேட்டீர்களா?"

பாதர் தொண்டையைச் செருமினார். இராயப்பு தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டியின் மேல் சினோரா அனுப்பிய மலர்வளையம் கிடந்தது. 'எங்கள் ஜனாதிபதிக்கு' என்று அதன் நாடாவில் பொன்னெழுத்து. றோசமலர் அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சினோராவின் மடியில் வைத்தாள். பிறகு பெட்டியைத் தூக்கச் சொல்லி ஆண்களுக்குக் கை காட்டினாள்.

எல்லோரும் பெட்டிக்குப் பின்னால் வெளியேறினார்கள். சினோரா மலர்வளையத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி வாங்கிலேயே இருந்தாள். பூக்களின் தண்ணீர் பட்டுப் பாவாடையில் ஊறிக்கொண்டிருந்தது.