மாறாத பாயிண்ட் ஆறு

உலகக் கடல்களுக்கெல்லாம் ஜுரம் பார்ப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. செயற்கைக்கோள் மேலிருந்து அளக்கும். மிதவைகள் தண்ணீரிலேயே கிடந்து அளக்கும். போகிற வருகிற கப்பல்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எண் அனுப்பும். தப்பான எண்களை வெட்டுவது எங்கள் மேலதிகாரி அம்மா. கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருக்கிறோம், அவருக்குத் தெரியாது.

"இந்தச் சரக்குக் கப்பல் எப்பவுமே சூடு அதிகமா காட்டுது. அது அனுப்பின பதினோரு வருஷ எண்ணையும் தூக்கிடு," என்றார்.

அந்தப் பாதையில் பாதி வருஷம் மேகம். செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. மிதவையும் அங்கே இல்லை. போவது அந்த ஒரு கப்பல்தான். என் அக்கறை முழுக்க அறிவியல் சார்ந்தது. என் ஆய்வறிக்கையும் அதே கடலைப் பற்றியது என்பது தற்செயல். இரண்டு வாரம் தவணை கேட்டேன்.

"சரி. கெஞ்சாதே, பார்க்கச் சகிக்கலை."

கப்பல் கரையில் நின்றது. எண் அனுப்பும் இன்ஜினியரை ஃபோனில் பிடித்தேன்.

"அண்ணே, தெர்மாமீட்டர் எங்க இருக்கு?"

"இன்ஜின் ரூம்ல. கடல்தண்ணி உள்ள வர்ற குழாயில."

"அந்த ரூம் எப்படி?"

"அடுப்புக்குள்ள குடித்தனம் பண்ற மாதிரி. ஏன் தம்பி?"

குழாயில் வரும்போதே தண்ணீர் சூடாகிறது என்றேன்.

"என் பொண்ணு பிறந்த அன்னிக்குக்கூட நாலு வேளையும் எழுதினேன்டா. அத்தனையும் குப்பையா?"

"தெரியலைண்ணே. இனிமே குழாயைப் பார்க்கிற அதே நேரம், வாளியில கடல்தண்ணி எடுத்தும் அளந்து அனுப்புங்க."

"ஓடற கப்பல்லேர்ந்தா? வாளி போச்சுன்னா உங்க ஆபீஸ் வாங்கித் தருமா?"

"விண்ணப்பம் போட்டா அடுத்த வருஷம் வரும்."

மூன்று வாளிகள் கடலோடு போயின. ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஐம்பத்தாறு ஜோடி எண்கள். வெயிலானாலும் மழையானாலும் வித்தியாசம் பாயிண்ட் ஆறு டிகிரி. மேகமில்லாத பழைய நாட்களைச் செயற்கைக்கோளோடு ஒப்பிட்டேன். பதினோரு வருஷமும் அதே பாயிண்ட் ஆறு. கழித்துவிட்டால் எல்லாம் சுத்தம்.

"அப்பப்ப உண்மை பேசறவனைவிட, தினம் ஒரே அளவு பொய் சொல்றவன் நமக்கு மேல்," என்று கத்தரிக்கோல் கையெழுத்துப் போட்டார்.

கப்பல் அடுத்த கரையைத் தொட்டதும் அண்ணனை ஃபோனில் பிடித்தேன்.

"பதினோரு வருஷமும் தப்புதாண்ணே. ஆனா ஒரே தப்பு, விடாம, மாறாம. எல்லாத்தையும் வெச்சுக்கறோம். கோடி நன்றிண்ணே."

"இதை அப்படியே என் பொண்டாட்டிகிட்ட ஒருவாட்டி சொல்லிடு தம்பி."

சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை.

"இரு, நேரமாச்சு. எழுதிட்டு வந்துடறேன்."

ஃபோனை வைக்காமலே போனார். நானும் வைக்கவில்லை.